ஐயுறும் பிள்ளையும் விசுவாசிக்கும் பெற்றோரும்

வளர்ந்த பிள்ளை ஒருநாள் வந்து, "நீங்கள் நம்புவதை என்னால் நம்ப முடியவில்லை" என்று சொன்னால், விசுவாசமுள்ள தாயும் தகப்பனும் என்ன செய்ய வேண்டும்?

இக்கேள்விக்கு அவசரமாக விடை சொல்கிறவர்கள் இரு சாரார். "திருத்து, திருந்தாவிட்டால் வீட்டை விட்டு அனுப்பு" என்பார் ஒரு சாரார். "அது அவனுடைய சொந்த விடயம், விட்டுவிடு" என்பார் மறுசாரார். முதலாமவர் பிள்ளையை அறியார். இரண்டாமவர் பெற்றோரை அறியார். உண்மையாக விசுவாசிக்கிற ஒரு தாய்க்கு மகனுடைய ஆன்மா அவனுடைய சொந்த விடயமல்ல. அவன் காய்ச்சலில் கிடக்கும்போது 'அது அவனுடைய உடம்பு' என்று அவளால் சொல்ல முடியாது. இதிலும் அப்படித்தான். கவலைப்படாதே என்று அவளுக்குச் சொல்வது, அன்பு வைக்காதே என்று சொல்வதற்கு ஒப்பாகும். ஆகவே பெற்றோர் கவலைப்படலாமா என்பதல்ல கேள்வி. அந்தக் கவலையை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படி நடந்துகொள்வது என்பதே.

கிறிஸ்தவ சமூகத்தின் வரலாற்றிலே இக்கேள்விக்கு முகங்கொடுத்த குடும்பங்கள் பல. கடிதங்களாகவும் தன்வரலாறுகளாகவும் அவர்களுடைய துயரம் பதிவாகியிருக்கிறது. அவற்றுள் நான்கு வீடுகளை மட்டும் இங்கே எட்டிப் பார்க்கலாம்.

முதல் வீடு வட ஆபிரிக்காவிலே இருந்தது. இன்று அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் எனப்படும் ஊர் அன்று தகஸ்தே என்று வழங்கியது. அங்கே 354ஆம் ஆண்டு பிறந்தவர் அகுஸ்தீன். தகப்பன் பத்ரீசியஸ் நெடுங்காலம் பழைய ரோம சமயத்தில் இருந்தவர். தாய் மோனிக்கா உறுதியான கிறிஸ்தவப் பெண். படிக்கவென்று கார்த்தேஜ் நகருக்குப் போன மகன், பத்தொன்பது வயதளவில் மானிக்கேய மார்க்கத்தில் சேர்ந்து, ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அதிலேயே இருந்தார். உலகில் தீமை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது. தாயின் சமயத்தில் அதற்குத் தக்க விடை இல்லையென்று அப்போது அவர் எண்ணினார்.

மோனிக்கா முதலில் மகனோடு ஒரே மேசையில் இருந்து உண்ண மறுத்தார். பின்பு ஒரு கனவு கண்டார். தாம் நிற்கும் இடத்திலேயே மகனும் நிற்பதாக அக்கனவு காட்டியது. அதன்பின் மகனை மறுபடியும் வீட்டில் சேர்த்துக்கொண்டார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகன் அப்போது மாறியிருக்கவில்லை. இன்னும் பல ஆண்டுகளுக்கு மாறவுமில்லை. மாறியது தாயின் நடத்தை.

தம் மகனோடு வாதிட்டு அவனை வழிக்குக் கொண்டுவரும்படி அவர் ஓர் ஆயரிடம் கெஞ்சினார். அந்த ஆயர் சிறுவயதில் மானிக்கேயர் மத்தியிலேயே வளர்ந்தவர். அவர்களுடைய நூல்களை நன்கு கற்றவர். வாதிடத் தகுதியானவர் அவரைப்போல் வேறொருவர் இல்லை. ஆயினும் அவர் மறுத்துவிட்டார். இப்போது சொன்னால் அவன் கேட்கமாட்டான், விட்டுவிடுங்கள், வாசித்துத் தானே கண்டுகொள்வான் என்பது அவருடைய ஆலோசனை. தாம் அப்படித்தான் கண்டுகொண்டதாகவும் அவர் கூறினார். சரியான சொல்லுக்கும் சரியான வேளை வேண்டும் என்பதை அறிந்த மனிதர் அவர்.

ஆனாலும் தாயின் பிடி தளரவில்லை. 383ஆம் ஆண்டு அகுஸ்தீன் ரோமாபுரிக்குப் புறப்பட்டபோது, தாய் கடற்கரை வரை வந்து தடுத்தார். நண்பன் ஒருவனை வழியனுப்ப வந்ததாகப் பொய் சொல்லி, தாய் ஒரு வழிபாட்டிடத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த இரவிலே மகன் கப்பலேறிவிட்டார். பிடி இறுகும் வீட்டில் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது ஒளிப்பதைத்தான். பின்னர் தாய் மிலான் நகர் வரை மகனைத் தொடர்ந்து சென்றார். அங்கே ஆயர் அம்புரோசின் கையால் 387ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு திருவிழாவின்போது அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில், ஊர் திரும்பும் வழியில் ஒஸ்தியா துறைமுகத்திலே மோனிக்கா காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

மோனிக்கா பொறுமைக்கு எடுத்துக்காட்டு என்றே பலரும் அறிவர். அதன் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. மகனுக்குத் தகுந்த இடத்தில் திருமணம் பேசப்பட்டபோது, அவரோடு நெடுங்காலம் வாழ்ந்து ஒரு மகனையும் பெற்றுக்கொடுத்த பெண் ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அவளுடைய பெயரைக்கூட அகுஸ்தீன் எழுதி வைக்கவில்லை. பிள்ளையின் ஆன்மாவுக்காக அழும் கண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொருத்தியின் கண்ணீர் தெரியாமற் போகலாம் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டாவது வீடு ஜேர்மன் மொழி பேசும் பிரஷ்ய நாட்டிலே இருந்தது. பிரடெரிக் ஷ்லையர்மாக்கர் 1768ஆம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் படையினருக்குச் சமயப் பணி செய்த குருவானவர். பக்தியில் ஆழ்ந்த மொறேவியச் சகோதரர்களின் கல்விக்கூடத்தில் மகனைச் சேர்த்தார். பார்பியில் இருந்த அவர்களுடைய குருத்துவக் கல்லூரியில், புதிய சிந்தனை நூல்களை மாணவர்கள் ஒளித்து வாசிக்க வேண்டியிருந்தது. இளைஞரை அலைக்கழிக்கும் ஐயங்களுக்கு ஆசிரியர்கள் முகங்கொடுப்பதில்லை என்று மகன் தகப்பனாருக்குக் குறிப்பாக எழுதினார். அப்படிப்பட்ட நூல்களைத் தாமும் பார்த்ததாகவும், அவற்றில் காலத்தை வீணாக்க வேண்டாமென்றும் பதில் வந்தது. அது தம் மகனுடைய சொந்த வாக்குமூலம் என்பதைத் தகப்பனார் உணரவில்லை.

1787 ஜனவரியில் மகன் வெளிப்படையாகவே எழுதினார். கிறிஸ்து மெய்யான கடவுள் என்பதையும், அவருடைய மரணம் மனிதருக்குப் பதிலாகச் செலுத்தப்பட்ட பரிகாரம் என்பதையும் தம்மால் நம்ப முடியவில்லை என்பது அக்கடிதத்தின் சாரம். தகப்பனாரின் பதிலில் இடியும் மழையும் சேர்ந்தே வந்தன. தன் தகப்பனுடைய தேவனை வணங்காதவன் தன் மகனல்லன் என்று ஒரு பக்கம் தள்ளினார். திரும்பி வா என்று மறுபக்கம் கெஞ்சினார். எனினும், ஹாலே பல்கலைக்கழகத்தில் மேலே படிக்க மகன் கேட்ட அனுமதியை இறுதியில் மறுக்கவில்லை. அங்கே தாய்மாமன் பேராசிரியராக இருந்தார். மருமகனுக்குத் தம் வீட்டிலே இடங்கொடுத்து, அவனுடைய கேள்விகளுக்குப் பதறாமல் காதுகொடுத்தவர் அவர். இத்தகைய வேளைகளில் பெற்றோர் செய்ய முடியாததை மாமனோ சாச்சாவோ செய்ய முடியும் என்பது நம் ஊர்களிலும் தெரிந்த விடயந்தான்.

இக்கதையில் என் மனதை மிகவும் தைத்த பகுதி பின்னால் வருகிறது. சில ஆண்டுகள் கழித்து, மகனோடு மனம் ஒத்தபின், தகப்பனார் தமது இரகசியம் ஒன்றை எழுதினார். தாமும் இளமையில் நம்பிக்கை இல்லாமலேயே பன்னிரண்டு ஆண்டுகள் வரை பிரசங்கம் செய்துவந்ததாக ஒப்புக்கொண்டார்! 1787இல் மகன் கதறியபோது இந்த ஒரு வரியை அவர் எழுதியிருந்தால் எவ்வளவு பாரம் குறைந்திருக்கும்? தாம் கடந்துவந்த இருட்டைப் பிள்ளையிடம் மறைத்துவிட்டு, பிள்ளை இருட்டில் நிற்கிறானே என்று அதட்டுவது பெற்றோர் பலருடைய வழக்கம். தம் தடுமாற்றத்தைச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். உண்மையில் அந்தத் தடுமாற்றமே பிள்ளைக்கு அவர்கள் கொடுக்கக்கூடிய நல்ல துணை.

மூன்றாவது வீடு இங்கிலாந்தின் கொவென்றி நகரின் ஓரத்திலே இருந்தது. பிற்காலத்தில் ஜோர்ஜ் எலியட் என்ற புனைபெயரால் உலகறிந்த நாவலாசிரியையான மேரி ஆன் எவன்ஸ், தாயை இழந்தபின் தகப்பனாரைப் பராமரித்து வந்தார். 1842 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தகப்பனார் ரொபட் எவன்ஸ் பெருநிலங்களை நிர்வகித்து நற்பெயர் எடுத்தவர். அவர் வாதிடவில்லை, பேச்சையே குறைத்துக்கொண்டார். வீட்டையே கைவிட்டு வேறிடம் போகவும் ஆயத்தமானார். மகள் சில வாரங்கள் தமையன் வீட்டில் போய் இருக்க நேர்ந்தது.

ஈற்றில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மகள் தகப்பனோடு தேவாலயத்துக்குப் போவாள். அங்கே அமர்ந்து அவள் என்ன நினைக்கிறாள் என்பது அவளுடைய பாடு. அவ்வாறே ஏழு ஆண்டுகள் நடந்தது. 1849இல் தகப்பனார் இறக்கும் வரை, படுக்கையருகே இருந்து, நூல்களை வாசித்துக் காட்டி, இரவு பகலாகப் பணிவிடை செய்தவர் அந்த மகளே. அதே காலத்தில்தான் இயேசுவின் வரலாற்றை விமர்சன நோக்கில் ஆராய்ந்த ஸ்ட்ராஸ் என்பாரின் ஜேர்மன் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1846இல் வெளியிட்டார். அவருடைய நம்பிக்கை திரும்பி வரவில்லை. ஆனால் தகப்பனாரோடு ஏற்பட்ட அந்த மோதலைச் சற்று நிதானத்தோடு தவிர்த்திருக்கலாம் என்று முதுமையில் வருந்தினார்.

இந்த உடன்பாட்டை நயவஞ்சகம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி எண்ணவில்லை. நயவஞ்சகம் என்பது நம்பாததை நம்புவதாகக் காட்டி ஏமாற்றுவது. இங்கே ஏமாற்றப்பட்டவர் எவருமில்லை. தகப்பனுக்கு எல்லாம் தெரியும். மகள் விட்டுக்கொடுத்தது காலையும் நேரத்தையும். தகப்பன் விட்டுக்கொடுத்தது அவளுடைய மனத்தின் மீது தமக்கிருப்பதாக நினைத்த அதிகாரத்தை. இருவரும் கொடுத்ததனால்தான் அது உடன்பாடாயிற்று. ஒருவர் மட்டும் கொடுத்திருந்தால் அது அடிபணிதலாகவே இருந்திருக்கும்.

நான்காவது வீட்டில் இந்த உடன்பாடு கைகூடவில்லை. பிலிப் ஹென்றி கொஸ் கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்த விஞ்ஞானி. மீன்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்துப் பார்க்கும் பழக்கத்தை 1850களில் இங்கிலாந்தில் பரப்பியவர்களில் ஒருவர். பிளிமத் சகோதரர் என்ற கடுமையான சபையைச் சேர்ந்தவர். மகன் எட்மண்டுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே தாய் புற்றுநோயால் இறந்தார். பிள்ளை ஆண்டவருக்கென்று ஒப்புக்கொடுக்கப்பட்டவன் என்ற பாரத்தை அவன் தலையில் வைத்துவிட்டுப் போனார். பதினேழு வயதில் லண்டனுக்கு வேலைக்குச் சென்ற மகனைத் தகப்பனாரின் கடிதங்கள் பின்தொடர்ந்தன. இன்று வேதம் வாசித்தாயா, உன் உள்ளம் எப்படியிருக்கிறது என்று அவை ஓயாமல் விசாரித்தன. மகன் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் எழுதிவந்தார், பின்பு முறிந்துபோனார். 1907இல் அவர் தம் பெயரைப் போடாமல் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' என்ற நூல் இக்கதையைச் சொல்கிறது. மகன் சொன்னவற்றில் மிகை உண்டென்றும், தகப்பனார் அவ்வளவு கடுமையானவர் அல்லரென்றும் பின்வந்த ஆய்வாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இருக்கலாம். அன்பில்லாத தகப்பன் நாள் தவறாமல் விசாரித்து எழுதமாட்டான். கொஸ் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. கேள்வி கேட்பதில் ஓய்வுதான் இருக்கவில்லை.

இந்த நான்கு வீடுகளிலிருந்தும் நாம் எடுக்கக்கூடிய முடிவுகள் சில உண்டு.

முதலாவது, ஐயத்துக்கும் கீழ்ப்படியாமைக்கும் உள்ள வேறுபாடு. லூக்கா நற்செய்தியில் வரும் ஊதாரி மகனின் உவமையைக் கிறிஸ்தவப் பெற்றோர் இத்தருணத்தில் நினைத்துக்கொள்வார்கள். திரும்பி வரும் மகனைத் தூரத்திலேயே கண்டு ஓடிப்போய்க் கட்டியணைக்கும் தகப்பன் அங்கே இருக்கிறான். அது பெரும் ஆறுதல். ஆனால் அந்த மகன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டுபோய்க் கெட்டலைந்தவன். நேர்மையாகக் கேள்வி கேட்கும் பிள்ளையை அவனோடு ஒப்பிடுவது அநியாயம். ஐயுறும் பிள்ளைக்கு உரிய உருவம் யோவான் நற்செய்தியில் வரும் தோமா. உயிர்த்தெழுந்தவரைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்றார் அவர். எட்டு நாட்களுக்குப் பின்னரும் தோமா மற்றச் சீடர்களோடு அதே வீட்டுக்குள்ளேதான் இருந்தார் என்று அந்த அத்தியாயம் சொல்கிறது. நம்பிய பத்துப் பேர், நம்பாத ஒருவரை அந்த எட்டு நாட்களும் வெளியே தள்ளவில்லை. நம்பாதவரும் எழுந்து போய்விடவில்லை. பெற்றோர் வீடு செய்ய வேண்டியதும் அவ்வளவுதான். அந்த எட்டு நாள் எட்டு வருடமாகலாம்.

இரண்டாவது, வருத்தத்தைப் பிரித்துப் பார்ப்பது. ரொபட் எவன்ஸ் கொவென்றிக்கு வந்ததில் மகளுக்கு நல்ல இடத்தில் திருமணம் அமையும் என்ற எண்ணமும் இருந்தது. தேவாலயத்துக்கு வராத பெண்ணை எவர் கேட்டு வருவார்? அவருடைய கோபத்தில் தேவனுக்காக எழுந்தது எவ்வளவு, அயலவருக்காக எழுந்தது எவ்வளவு? இதைப் பெற்றோர் தமக்குள்ளேயே கேட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் இந்த இரண்டையும் மிக விரைவாகப் பிரித்தறிந்துவிடுகிறார்கள். ஊரார் என்ன சொல்வார்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதன்பின் தேவனைப் பற்றிச் சொல்வதெல்லாம் அதே அச்சத்தின் வேறொரு பெயர் என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, உண்மை பேசும் உரிமை. பள்ளிக்கூடத்தில் இருபது வருடங்களாகப் பிள்ளைகளோடு காலங்கழிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். 'சேர், விளங்கவில்லை' என்று கையுயர்த்தும் மாணவனைப் பற்றி எந்த ஆசிரியனும் கவலைப்படத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவனைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். தன் ஐயத்தைத் தாயிடமும் தகப்பனிடமும் வந்து சொல்கிற பிள்ளை, இன்னும் அவர்களை நம்புகிறது. கடவுளில் நம்பிக்கை தளர்ந்த வேளையில் பெற்றோரில் எஞ்சியிருக்கும் அந்த நம்பிக்கையையும் ஏன் முறிக்க வேண்டும்? தண்டனைக்கு அஞ்சிக் கீழ்ப்படியும் பிள்ளை வீட்டில் ஒரு வழிபாட்டாளரின் எண்ணிக்கையைக் கூட்டலாம், விசுவாசியைக் கூட்டாது. அச்சத்தால் அசையும் உதடுகளைக் கடவுள் ஏற்பார் என்று எந்தக் கிறிஸ்தவக் குருவும் போதிப்பதில்லை.

நான்காவது, பெற்றோரும் தம் உண்மையை மறைக்கத் தேவையில்லை. பிள்ளையின் மனம் நோகுமென்று தம் ஜெபத்தை ஒளிப்பதும், கேட்டால் பட்டும் படாமலும் பேசுவதும் துணைநிற்பதாகாது. "நான் இதை நம்புகிறேன். நீ நம்பவில்லை என்பது எனக்கு வலிக்கிறது. அந்த வலி உன்னுடைய குற்றமல்ல. சாப்பிட வா" என்று சொல்ல முடிந்த தாய், நான்கு வசனத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிள்ளைக்கும் இதில் கடமையுண்டு. ஐயம் கொள்வது பெற்றோரை ஏளனம் செய்வதற்கான அனுமதிச் சீட்டன்று. வீட்டிலே கடைசிவரை நம்பியிருக்கும் இன்னொரு பிள்ளையும் இருப்பான். ஊதாரியின் கதையில் வாசலுக்கு வெளியே நின்று கோபித்த மூத்தவனையும் அந்தத் தகப்பன்தான் வெளியே வந்து வருந்தி அழைத்தான் என்பதை மறக்கலாகாது.

இனி எஞ்சியிருப்பது மிகக் கடினமான கேள்வி. இவ்வளவும் செய்தும் பிள்ளை திரும்பி வராவிட்டால்?

மோனிக்காவின் மகன் திரும்பி வந்தார். திருச்சபையின் பேராசானாகவும் ஆனார். ஷ்லையர்மாக்கர் 1794இல் குருப்பட்டம் பெற்றார். சமயத்தை இகழும் படித்தவர்களை நோக்கி அவர் எழுதிய உரைகள் 1799இல் வெளியாகி, புரட்டஸ்தாந்து இறையியலின் போக்கையே மாற்றின. ஆனால் அவர் வந்துசேர்ந்த இடம் தகப்பனார் நின்ற இடமல்ல. மேரி ஆன் எவன்ஸும் எட்மண்ட் கொஸும் திரும்பவேயில்லை. மோனிக்காவின் கதையை மட்டும் எடுத்துச் சொல்லி, "அழுதுகொண்டே இரு, ஒருநாள் வருவான்" என்று பெற்றோரைத் தேற்றுவது நேர்மையாகாது. அப்படித் தேற்றும்போது துணைநிற்பதும் ஒரு தந்திரமாகிவிடுகிறது. திரும்பி வருவதற்காகக் காட்டப்படும் அன்பு கடன் கொடுப்பதைப் போன்றது. தவணை தவறினால் கேட்டு வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு அது தெரியும்.

ஒரு நடத்தை சரியா பிழையா என்பதை, பல ஆண்டுகள் கழித்துக் கதை எப்படி முடிந்தது என்பதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. மோனிக்கா மகனை மறுபடியும் மேசைக்கு அழைத்த நாளில் அவர் ஒரு பரிசுத்தவானைப் பெற்றவர் அல்லர். வழிதவறியதாகத் தாம் நம்பிய ஒருவனைப் பெற்றவர், அவ்வளவுதான். அந்த மகன் கடைசிவரை மானிக்கேயனாகவே இறந்திருந்தாலும் அவர் அழைத்தது சரியே. ரொபட் எவன்ஸ் மகளின் மனத்தை அவளுக்கே விட்டுக்கொடுத்ததும் அதே அளவுக்குச் சரியே.

மாற்கு நற்செய்தியில், நோயுற்ற மகனைக் கொண்டுவந்த ஒரு தகப்பன் இயேசுவிடம் கெஞ்சுகிறான். தான் விசுவாசிப்பதாகவும், தன்னுடைய அவிசுவாசம் நீங்க உதவ வேண்டுமென்றும் ஒரே மூச்சில் கேட்கிறான். அங்கே பிள்ளைக்காக வந்தவன் தகப்பன். ஐயமும் தகப்பனிடமே இருந்தது. அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை, மகனும் சுகமடைந்தான். தம் வேதத்தில் இப்படியொரு தகப்பனை வைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர், ஐயத்தோடு வாசலில் வந்து நிற்கும் தம் பிள்ளையைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. கதவைத் திறந்து உள்ளே அழைத்தால் போதும்.